மொட்டைமாடியில் பதினாலு பேர்

நவம்பர் 9

உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து பரணில் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்தின் பெயர் போட்டிருக்கிறார்கள். மற்றபடி நல்ல தாள். மை ஊறவில்லை.

என் பெயர் பிரம்மசக்தி. வீட்டில் சத்தி. வயது பதினாறு. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், அப்புறம் திரும்பிப் போய்விடும். பேனாவில் வருகிறது. அதனால்தான் இது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். படிப்பு ஏறவில்லை. இப்போது ஆடு மேய்க்கிறேன். எல்லாம் கொடி ஆடு என்கிற இனம். கால் நீளம், நாக்கு அதைவிட நீளம். போன வாரம் தபால்காரரின் சட்டைப் பையைத் தின்றுவிட்டன.

எங்கள் வீட்டில் பதினாலு பேர். அப்பா, அம்மா, நான், அப்புறம் வெள்ளச்சி முதல் கலெக்டர் வரைக்கும் பதினொரு ஆடுகள். கலெக்டர்தான் ஒரே கிடா. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது என்பதால் அந்தப் பெயர். அப்பா எப்போதும் எல்லாரையும் சேர்த்துத்தான் எண்ணுவார். சாயங்காலம் பட்டியை அடைத்துவிட்டு வாசலில் நின்று, "பதினாலு பேரும் வந்தாச்சு" என்பார். அம்மாவுக்கு அது பிடிக்காது.

"மூணு பேருதான். ஆட்டை ஆளா எண்ணி எண்ணித்தான் இந்தப் புள்ள ஆளைக் கண்டா ஆடு மாதிரி முழிக்கா."

தை பிறந்ததும் என்னை நூல் மில்லுக்கு அனுப்புவதாக அம்மா சொல்லியிருக்கிறாள். அங்கேயே விடுதி, மூன்று வருஷம். நாலு பிள்ளைகளோடு இருந்தால் வாய் திறக்கும் என்பது அவள் கணக்கு. மில் ஏஜெண்ட் செல்வக்குமார் இரண்டு தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா மட்டும் ஒரு பேச்சு கேட்டு வாங்கியிருக்கிறார். தைக்குள் பட்டியில் குட்டி நின்று மந்தை பெருகினால் எனக்கு இங்கேயே வேலை இருக்கிறது, போக வேண்டாம். ஐந்து ஆடுகள் சினையாக இருக்கின்றன.

மில் நன்றாகத்தான் இருக்குமாம். மூன்று வேளைச் சோறு, டி.வி. உண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளச்சியின் வயிற்றை ஒரு நாளைக்கு நாலு தடவை தடவிப் பார்க்கிறேன்.

நவம்பர் 13

மழை.

நவம்பர் 14

மழை. ஆடுகள் வீட்டுக்குள். அம்மா, தான் வெளியில் போய்ப் படுக்க வேண்டியதுதான் என்கிறாள். செம்போரை ஆடு காலண்டரைத் தின்றுவிட்டது. அதனால் தேதி சரிதானா என்று தெரியவில்லை.

நவம்பர் 15

மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் மாடி இல்லை. எங்களுக்கு ஓட்டு வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, படிக்கட்டு வெளியே இருக்கிறது. அதில் ஏறிவிட்டோம்.

விடிகிற நேரத்தில் பெரியகுளம் உடைந்தது. சத்தம் எப்படி இருந்தது என்றால், நூறு லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி. தண்ணீர் முதலில் தெருவுக்கு வரவில்லை, கொல்லைப் பக்கமாக வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் வெள்ளச்சியைத் தூக்கினேன். அம்மா அரிசிப் பானையைத் தூக்கினாள். மற்ற ஆடுகளை யாரும் தூக்கவில்லை, அதுகளாகவே படியேறிப் போய் மாடியில் நின்று எங்களைக் கூப்பிட்டன.

இப்போது கருக்குவேல்புரத்தில் கூரைகளும் தென்னை மண்டைகளும்தான் தெரிகின்றன. சாய்ந்த வாழை மரங்கள் தெருவில் மிதந்து போகின்றன. அப்பாவின் தோட்டத்து வாழையும் அதில் இருக்கும். "எது நம்ம வாழைன்னு தெரியலயே" என்று அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். அம்மா, "ஆமா, தெரிஞ்சா கூப்புட்டு வைக்கப் போறீயளோ?" என்றாள்.

மத்தியானம் அப்பா வெள்ள உதவி நம்பருக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண் எடுத்தாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"யார் பேசுறீங்க?"

"ஐகோர்ட்டு."

"எந்தக் கோர்ட்டு சார்?"

"ஐகோர்ட்டும்மா. கருக்குவேல்புரம் ஐகோர்ட்டு."

"சார், ஜனங்க உயிருக்குப் போராடிட்டு இருக்காங்க. விளையாடாதீங்க."

வைத்துவிட்டாள். அப்பாவின் பெயர் ஐகோர்ட்துரை. எங்கள் பக்கத்தில் அது சாமி பெயர், தெருவுக்கு ஒருவர் இருப்பார். மறுபடியும் போட்டு முழுப் பெயரையும் சொன்னார். "துரை சார், நீங்க ஜட்ஜுங்களா?" என்று கேட்டாள். "நான் வாழை வச்சிருக்கேம்மா" என்றார். மறுபடியும் வைத்துவிட்டாள்.

அப்பா போனை என்னிடம் நீட்டினார். "நீ பேசுட்டி. எம் பேரு இன்னிக்கு எடுபடாது."

நான் போனைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். ஆனால் வெள்ளச்சி படுத்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன்.

ஊர் கேட்டாள், சொன்னேன். அடையாளம் கேட்டாள், பச்சைப் பெயிண்ட் அடித்த மாடி என்று சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டாள்.

"பதினாலு பேரு."

"கர்ப்பிணிங்க யாராவது இருக்காங்களா?"

"அஞ்சு பேரு."

"அஞ்சு பேரா! எத்தனை மாசம்மா?"

"நாலு. ஒருத்திக்கு நாள் நெருங்கிட்டு. இன்னிக்கோ நாளைக்கோ."

அவள் குரலே மாறிவிட்டது. "பயப்படாதம்மா, மிலிட்டரிகிட்ட சொல்றேன், முதல்ல உங்ககிட்டதான் வருவாங்க" என்றாள். பிறகு வேறு என்னமோ கேட்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

நான் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நல்லாப் பேசுதியேட்டி" என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் 16, காலை

ஹெலிகாப்டர் வந்தது!

இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நினைக்கவில்லை. விமானப் படை என்று அப்பா சொன்னார். காற்றில் எங்கள் தார்ப்பாய் பறந்து போய்விட்டது, அம்மா அரிசிப் பானை மேல் படுத்துக்கொண்டாள், ஆடுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. மழையில் மேலே இருந்தவர்களுக்கு என்ன தெரிந்ததோ, ஒருவர் கையாட்டினார். இரண்டு மூட்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒன்றில் பிஸ்கட், தண்ணீர் பாட்டில், அவல். இன்னொன்றில் பஞ்சு, கையுறை, சோப்பு, பிளேடு, தொப்புள் கொடியில் மாட்டுகிற கிளிப், சின்னச் சின்னத் துணிகள். ஒரு குட்டித் தொப்பிகூட இருந்தது, மஞ்சள் நிறம்.

அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்குட்டி இது நமக்கு?"

"தெரியலப்பா."

நவம்பர் 16, மாலை

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ராணுவப் படகு வந்தது. கறுப்பு ரப்பர் படகு, பின்னால் மோட்டார். அதில் மூன்று பேர். மீசை வைத்தவர் ஹவில்தார் தணிகாசலம், வேலூர்ப் பக்கம். ஒரு பெண் டாக்டர், கேப்டன் ஷைனி, பாலக்காட்டுக்காரர். படகின் முனையில் கயிறு பிடித்திருந்தவர் ராஜஸ்தான்காரர், பெயர் பன்னாராம். அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. பேச வராத இன்னொரு ஆளைப் பார்த்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

டாக்டர் பெட்டியோடு படியேறி ஓடி வந்தார். "எவிடே? எங்க அந்த அஞ்சு பேரும்? நாள் நெருங்கினவ யாரு?"

அம்மா தலை குனிந்துகொண்டு கையை மட்டும் நீட்டினாள். மூலையில் வெள்ளச்சி அவலைத் தின்றுகொண்டிருந்தது.

டாக்டர் வெள்ளச்சியைப் பார்த்தார். வெள்ளச்சி டாக்டரைப் பார்த்தது. பின்னாலேயே ஹவில்தார் வந்து, "இன்னா மேடம், ஸ்ட்ரெச்சர் எடுத்தாரவா?" என்று கேட்டார். டாக்டர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹவில்தார் சிரிக்கவில்லை. "இன்னாயா இது, தமாசா? பதினாலு பேருன்னு சொன்னது யாரு?"

அப்பா, "எங்க வீட்டுல அப்படித்தான் எண்ணுவோம் சார்" என்றார்.

"உங்க வூட்ல எண்ணிக்கோ! வழியில பால் சொசைட்டி மாடியில ஒரு தையல்காரர் குடும்பம் கெடக்குது. கைக்கொழந்த. நனைஞ்சு நடுங்கிகினு கீறாங்க. நிறுத்தப் போனேன். அந்தம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'புள்ளத்தாச்சிங்களாம்ல, அவியள மொதல்ல பாருங்க, நாங்க இருக்கோம்'னு அதுவே அனுப்பி வச்சுது. ஆட்டுக்கு!"

அது நூர்ஜகான் அக்கா. சிக்கந்தர் அண்ணனின் கடையில்தான் எனக்குப் பாவாடை தைப்போம். குழந்தை சுமையாவுக்கு இரண்டு வயது.

அதற்குள் பன்னாராம் வெள்ளச்சி பக்கத்தில் உட்கார்ந்து அதன் விலாவில் கையை வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். ரெட்டை. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. நான் தலையாட்டினேன்.

ஹவில்தார் எங்கள் மூன்று பேரையும் படகில் ஏறச் சொன்னார். ஆடு ஏறக் கூடாது, அது உத்தரவு. அம்மா எழுந்து அரிசிப் பானையை எடுத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் வெள்ளச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா, காதுல வுழுதா? ஏறு."

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

"எங்க எடத்துல நூர்ஜகான் அக்கா வீட்டு ஆளுவளக் கூட்டிட்டுப் போங்க சார். ஊருல வேற யாரெல்லாம் இருக்காவளோ எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. நாங்க கடைசியில வாரோம். ஆடு வந்தா நானும் வருவேன். இல்லன்னா இருப்பேன்."

ஹவில்தார் அப்பாவைப் பார்த்தார். "இன்னாயா, உம் பொண்ணு எனக்கே ஆர்டர் போடுது?"

அம்மா அரிசிப் பானையைக் கீழே வைத்துவிட்டாள். "அவ பேசி நானே இப்பத்தான் சார் கேக்கேன்" என்றாள்.

டாக்டர் மெதுவாக ஹிந்தியில் ஏதோ சொன்னார். ஹவில்தார் மீசையைத் தடவிக்கொண்டார். "மாடி ஸ்ட்ராங்காதான் கீது. தண்ணியும் ஏறல. நாளைக்குக் கடைசி ட்ரிப். வந்தா வருவேன், வரலன்னா வரல" என்றார். படகு திரும்பிப் பால் சொசைட்டிப் பக்கம் போனது. சுமையாவைக் கைமாற்றி இறக்குவதை இங்கிருந்தே பார்த்தேன். புள்ளி மாதிரிதான் தெரிந்தது. எண்ணினேன், மூன்று பேர். இந்தத் தடவை ஆட்கள் மட்டும்.

நவம்பர் 17, காலை

அப்பா விடிந்ததிலிருந்து படிக்கட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மிதந்து வருகிற வாழைத் தண்டுகளைப் பிடித்துப் பிடித்துக் கட்டுகிறார். தெப்பம். அம்மா தன் பழைய சேலைகளைக் கிழித்துக் கொடுக்கிறாள். "எது நம்ம வாழைன்னு இப்ப தெரிஞ்சு போச்சுல்லா. கட்டினதெல்லாம் நம்மது" என்கிறாள். மழை விட்டுவிட்டது. ஒரு பூனை கதவுப் பலகையில் உட்கார்ந்து தெருவில் போனது, பஸ்ஸில் போகிற மாதிரி.

வெள்ளச்சி அவல் தின்னவில்லை. தரையைக் காலால் பிறாண்டுகிறது.

நவம்பர் 17, இரவு

இவ்வளவையும் ஒரே நாளில் எழுத முடியுமா என்று தெரியவில்லை.

வெள்ளச்சி பத்து மணி வாக்கில் ஈன்றது. முதல் குட்டி தானாக வந்தது. இரண்டாவதற்குத் தலை மடங்கியிருந்தது. ஹெலிகாப்டர் போட்ட கையுறையை மாட்டிக்கொண்டு, ஹெலிகாப்டர் போட்ட சோப்பைத் தடவிக்கொண்டு, உள்ளே கைவிட்டு மெல்லத் திருப்பி எடுத்தேன். மூச்சு இல்லை. மூக்கை ஊதி, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினேன், அப்பா அப்படித்தான் செய்வார். ஒரு தும்மல் போட்டது. அம்மாதான் கிளிப்பை மாட்டினாள். மஞ்சள் தொப்பியையும் அவள்தான் மாட்டிவிட்டாள், குளிருமாம். இரண்டு காதும் வெளியே நின்றன.

அப்பா, "பதினாறு பேரு" என்றார். அம்மா வழக்கமான பதிலைச் சொல்லவில்லை.

சரியாக அந்த நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது.

ஹவில்தார் தெப்பத்தைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார். "மேடம், ஆடு ஏத்தக் கூடாதுன்னு ஆர்டர் கீது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் நேற்றைய காரம் இல்லை.

டாக்டர் கேப்டன் சொன்னார்: "படகுல ஏத்தக் கூடாதுன்னுதானே ஆர்டர்? தெப்பம் படகு அல்ல. பின்னே எனக்கு வேறொரு ஆர்டர் உண்டு. இந்த மாடியில இருந்து அஞ்சு கர்ப்பிணிகளைப் பத்திரமாக் கொண்டு வரணும். அவங்களுக்கு எத்தனை கால்னு அதுல எழுதல்ல."

பன்னாராம் ஏற்கெனவே தெப்பத்தில் நின்று கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

நாக்கைச் சுண்டி ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்தார். அவர் ஊர் ஆடுகள் அதற்கு வருமாம், டாக்டர் சொன்னார். எங்களுடையது ஒன்றும் அசையவில்லை. அப்பா "ப்பா... ப்பா..." என்றதும் வரிசையாக இறங்கின. பன்னாராம் அந்தச் சத்தத்தை உடனே படித்துக்கொண்டார். அவரும் "ப்பா... ப்பா..." என்று கூப்பிட்டார். கலெக்டர் மட்டும் யார் கூப்பிட்டும் வரவில்லை, தள்ளித்தான் ஏற்றினோம். வெள்ளச்சியும் குட்டிகளும் நானும் அம்மாவும் படகில். தாயும் குட்டிகளும் நோயாளிகளாம், டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவும் பன்னாராமும் தெப்பத்தில். "வழியில ஒரு ஆடு வுழுந்தாலும் நிறுத்த மாட்டேன்" என்றார் ஹவில்தார்.

பாதி தூரத்தில் கலெக்டர் தண்ணீரில் குதித்துவிட்டது. விழவில்லை, குதித்தது. மிதந்து போன முருங்கைக் கிளை அதற்கு வேண்டியிருந்தது. "ஒரு ஆடு வுழுந்தாலும் நிறுத்த மாட்டேன்னு சொன்னேனா இல்லியா?" என்று ஹவில்தார் கத்திக்கொண்டே மோட்டாரை நிறுத்தினார். பன்னாராம் பாய்ந்து கொம்பைப் பிடித்துக் கொண்டுவந்தார். கலெக்டரின் வாயில் கிளை அப்படியே இருந்தது.

கரை வருவதற்கு முன்னால் வயர்லெஸ் கேட்டது. ஹவில்தார் ஹிந்தியில் பதில் சொன்னார். என்ன பேசினார்கள் என்று டாக்டர் எனக்குச் சொன்னார். பதினாலு பேரும் வந்தாயிற்றா என்று மேஜர் கேட்டாராம்.

"பதினாறு, சார். ஒரு பிரசவம் ஆயிருக்கு. ரெட்டை. தாயும் குழந்தைகளும் நலம்."

அந்தப் பக்கம் கைதட்டுகிற சத்தம் வயர்லெஸ்ஸிலேயே கேட்டது. ஹவில்தார் பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு என் பட்டை போச்சு" என்று தன் தோளைத் தட்டிக் காட்டினார்.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்ட்ரெச்சர், கம்பளி, ஒரு தட்டில் ரொட்டியும் பாலும். இருபது முப்பது ராணுவத்தினர். முதலில் நான் இறங்கினேன், கையில் மஞ்சள் தொப்பிக் குட்டி. பின்னால் அம்மா, அரிசிப் பானை. பின்னால் வெள்ளச்சி. பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக.

தட்டு வைத்திருந்தவர் அதை நீட்டியபடியே நின்றார். செம்போரை நேராகப் போய்த் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டது.

மேஜர் உயரமான ஆள், கண் சிவந்திருந்தது, பல நாள் தூங்காதவர் மாதிரி. டாக்டரிடம் ஏதோ கேட்டார். டாக்டர் விறைப்பாக நின்று பதில் சொன்னார். பிறகு ஹவில்தார் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மேஜர் சாப் கேக்கிறாரு. போன்ல பேசினது யாரு?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். ஏன் கையைத் தூக்கினேன் என்று தெரியவில்லை, வகுப்பில் தூக்குகிற மாதிரி. வகுப்பில் ஒரு நாளும் நான் தூக்கியதில்லை.

மேஜர் என்னையும் குட்டியையும் பார்த்தார். அவர் சொன்னதை ஹவில்தார் தமிழில் சொன்னார். "அடுத்த வாட்டி ஆடுன்னா ஆடுன்னே சொல்லணும். ஆட்டுக்கும் வருவோம். ஆனா வரிசையில வருவோம். உன்னால ஒரு குழந்தை ஒரு மணி நேரம் கூடுதலா நனைஞ்சுது."

"சரி சார்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

மேஜர் குனிந்து குட்டியின் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 18

முகாம் எங்கள் பள்ளிக்கூடத்தில். எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பறை கிடைத்திருக்கிறது. சமூக அறிவியல் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொல்லி, வாசிக்கிற வரைக்கும் உட்காரக் கூடாது என்று என்னை நிற்க வைத்த இடத்தில் இப்போது அரிசி மூட்டை நிற்கிறது. அதை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

ராணுவத்தினர் பூரியும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். முதல் நாள் எல்லாருக்கும் சந்தோஷம். இன்று ஊரே ரசம் கேட்கிறது. அம்மா சமையல் பக்கம் போய் ஒரு பெரிய சிப்பாயைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெனரேட்டரில் போன் சார்ஜ் போடுகிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் அப்பா போனை ஆன் செய்து பார்த்துவிட்டு, "ஆஃப்தான் ஆகியிருக்கு. சார்ஜ் இன்னும் ஒரு கோடு இருக்கே" என்றார். என்னைப் பார்த்தார். நான் குட்டிக்குப் பால் ஊட்டப் போய்விட்டேன்.

நவம்பர் 19

நூர்ஜகான் அக்கா பத்தாம் வகுப்பறையில் இருக்கிறாள். சுமையாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தி, உங்க தெருவுல அஞ்சு புள்ளத்தாச்சி மாட்டிக்கிட்டிருந்தாவளாமே, எல்லாரும் நல்லா இருக்காவளா? நான் அன்னிக்குப் பூரா துவா பண்ணிக்கிட்டே இருந்தேன்."

குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

"ஒருத்தி பெத்துட்டாக்கா. ரெட்டை."

"அல்லா! யாரு வீட்டுப் புள்ள? வா, பாக்கணும்."

கூட்டிக்கொண்டு போனேன். மைதானத்துக் கொடிக்கம்பத்தில் வெள்ளச்சி கட்டியிருந்தது.

நூர்ஜகான் அக்கா ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "இதுக்கா நான் பச்சப் புள்ளய மழையில வச்சிக்கிட்டு நின்னேன்?" அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பின்னாலேயே ஓடினேன். பத்தாம் வகுப்பு வாசல் வரைக்கும் ஓடினேன். அங்கே நிறைய பேர் இருந்தார்கள்.

நவம்பர் 20

விடிந்ததும் வெள்ளச்சியைக் கறந்தேன். குட்டிகளுக்குப் போக ஒரு டம்ளர் மிஞ்சியது. காய்ச்சி, பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

"அக்கா, போன்ல பேசினது நான்தான். தெரிஞ்சுதான் பேசினேன். சுமையாவுக்குப் பால் கொண்டாந்திருக்கேன்."

நூர்ஜகான் அக்கா வாங்கவில்லை. சுமையா வாங்கிக்கொண்டாள். முகாமில் கொடுக்கிற பவுடர் பாலைத் துப்பிக்கொண்டிருந்தவள், இதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையோடு சிரித்தாள்.

"நாளைக்கும் கொண்டா" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "காய்ச்சும்போது கொஞ்சம் தண்ணி சேரு. திக்கா இருக்கு."

நவம்பர் 24

தினமும் பால் போகிறது. நேற்று கூடவே கிழிந்துபோன என் தாவணியும் போனது, தைத்து வந்துவிட்டது. மேலும் இரண்டு ஆடு ஈன்றுவிட்டன, மூன்று குட்டி. டாக்டர் கேப்டன் தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது கடைசியாக மைதானத்துக்கும் வருகிறார். "இது என்டெ வார்டு" என்கிறார்.

நவம்பர் 26

ராணுவம் இன்று கிளம்பிவிட்டது. தண்ணீர் வடிந்துவிட்டது, வேறு எங்கோ அணை நிரம்பியிருக்கிறதாம். ஊரே ரோட்டில் நின்றது. அம்மா ஹவில்தாருக்கு ரசப்பொடி கொடுத்தாள். அவர் தோளில் பட்டை மூன்றும் அப்படியே இருந்தது, பார்த்துக்கொண்டேன். பன்னாராம் லாரியில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து, "ப்பா... ப்பா..." என்று கூப்பிட்டார். பதினொன்றும் குட்டிகளும் திரும்பின. கலெக்டர்கூடத் திரும்பியது. அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

லாரி போன புழுதி அடங்குவதற்குள் மில் ஏஜெண்ட் செல்வக்குமார் பைக்கில் வந்துவிட்டார். வீடு போயிற்று, வாழை போயிற்று என்று கேள்விப்பட்டு வந்தாராம். தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வேன் நாளைக்கே வருகிறது, பிள்ளைக்குச் சோறாவது நிச்சயம் என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் குட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று வேளைச் சோறு, டி.வி. உண்டு.

அம்மா அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. இடுப்புச் சேலையைச் செருகிக்கொண்டு மைதானத்தை ஒரு பார்வை பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல மொத்தம் பத்தொம்பது பேரு தம்பி," என்றாள். "கைக்கொழந்தையே அஞ்சு கெடக்கு. இதுல ஆள் கொடுக்கிறதுக்கு எங்க போறது?"

"அதுக்கில்ல அக்கா, நாலு பேரோட பழகினா பாப்பாவுக்குப் பேச்சு..."

"பேசுவா," என்றாள் அம்மா. "ஏட்டி சத்தி, இவருக்கு ஒரு பதிலைச் சொல்லு."

சொன்னேன்.